கிளாக்கர் மேசைக்குப் போன தபாலட்டை

நீங்கள் ஹட்டனில் புதிதாக ஒரு வாரப் பத்திரிகை தொடங்கப் போவதாகவும், முதல் இதழுக்கு நான் ஓர் ஆசிச் செய்தி தரவேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். ஆசி வழங்கச் சாந்தமான ஒரு முகம் வேண்டும். என்னிடம் அப்படி ஒன்று இல்லை என்பதை என்னோடு வேலை செய்த எந்த அச்சுக்கோப்பவரும் சொல்வார். ஈய எழுத்தைத் தலைகீழாக வாசித்து வாசித்து, நேராக இருக்கும் எதையும் வாசிக்க முடியாமல் கண் கெட்டு, ஐம்பத்திரண்டு வயதில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவன் நான்.

உங்கள் திட்டத்தை என் மனைவிதான் வாசித்துக் காட்டினாள். எல்லாம் நன்றாகவே இருந்தது. ஓரிடத்தில், "ஒவ்வொரு தோட்டத்திலும் பொறுப்புள்ள ஒருவரை நிருபராக நியமித்து, அத்தோட்டத்துச் செய்திகளை அவர் மூலம் உறுதிசெய்த பின்பே வெளியிடுவோம்" என்று ஒரு வரி வந்தது. அங்கேயே நிறுத்தச் சொன்னேன்.

"தேத்தண்ணி வேணுமா?" என்றாள்.

"வேண்டாம். கோவம் வந்திருக்கு."

"அது எப்பவும் வர்றதுதானே" என்று காகிதத்தை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆகவே ஆசிக்குப் பதிலாக ஒரு தப்பை அனுப்புகிறேன். இது என் சொந்தத் தப்பு. பொறுப்புள்ள ஒருவர் மூலம் உறுதிசெய்யப்பட்டது.

முதலில் எங்கள் பத்திரிகை வாரா வாரம் வெளிவந்துகொண்டே எப்படிச் செத்தது என்று சொல்ல வேண்டும். ரயில் நிலையத்துக்கு மேலே ஒரு சந்தில் அச்சகம். முன்னறையில் இயந்திரம், பின்னறையில் நான். பத்திரிகை நான்கு பக்கம். நாடு சுதந்திரம் பெற்ற அடுத்த வருடம் நான் அங்கே ஆசிரியராகச் சேர்ந்தபோது அந்த நான்கு பக்கத்திலும் உயிர் இருந்தது. ஒரு தோட்டத்தில் ஆற்றுப் பாலம் உடைந்து பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவில்லை. இன்னொரு தோட்டத்தில் குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை. வேறொன்றில் கொழுந்து நிறுக்கும் தராசு தன் இஷ்டத்துக்கு ஆடுகிறது. இப்படித்தான் செய்திகள். ஞாயிற்றுக்கிழமைகளில் நோர்வூட் சந்தியில், நானா என்று எல்லாரும் கூப்பிடும் முஸ்லிம் வியாபாரியின் பலசரக்குக் கடை வாசலில் யாராவது ஒருவர் உரக்க வாசிப்பார். தோட்டத்திலிருந்து இறங்கி வந்தவர்கள் சாக்குப் பைகளோடு சுற்றி நின்று கேட்பார்கள். தன் தோட்டத்தின் பெயர் வந்துவிட்டால் ஒருவன் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டிக்கொள்வான். படம் எடுக்கப் போகிறார்கள் என்ற நினைப்பு.

எங்களை யாரும் தடைசெய்யவில்லை. செய்திருந்தால் பெருமையோடு செத்திருப்போம். நாங்கள் செத்தது நல்ல கையெழுத்தால்.

தோட்டத்துக்கு ஒரு நிருபர் வேண்டும் என்று தீர்மானித்தோம். எழுதத் தெரிந்தவர் யார்? தோட்ட ஆபீசின் பெரிய கிளாக்கர். எல்லாத் தோட்டத்திலும் அவர்தான். அவருக்குத் தமிழும் தெரியும், ஆங்கிலமும் தெரியும், எதை எழுதக்கூடாது என்பதும் தெரியும். வாரா வாரம் முத்து முத்தான கையெழுத்தில் செய்தி வரும். துரை அவர்களுக்குப் பிரியாவிடை. புதிய சின்னத்துரைக்கு வரவேற்பு. தொழிற்சாலை டீமேக்கர் இடமாற்றம். அம்மன் திருவிழா இனிதே நிறைவேறியது. ஒரு சொல்லைத் திருத்த வேண்டியதில்லை. அப்படியே கோப்பதற்குக் கொடுத்துவிட்டு நான் புத்தகம் படிக்கலாம். அந்த ஆண்டுகளில் நான் படித்த நல்ல புத்தகங்கள் எல்லாம் தோட்டத்து மக்களின் செலவில் படித்தவை.

நாலைந்து வருடத்தில் எங்கள் பத்திரிகையை மட்டும் வாசிக்கும் ஒருவன், இந்த மலையில் மனிதர்கள் மாலையோடு வருவதையும் மாலையோடு போவதையும் தவிர வேறு எதுவும் செய்வதில்லை, தேயிலை தன் கொழுந்தைத் தானே கிள்ளிக்கொண்டு தொழிற்சாலைக்கு நடந்து போகிறது என்று முடிவு செய்திருப்பான். நானா கடை வாசலில் வாசிப்பதும் நின்றுபோனது. ஏன் என்று நானாவிடம் கேட்டேன்.

"ஒங்க பேப்பர் நல்ல பேப்பர் தம்பி" என்றார். "சீனி சுத்தினா ஒரு மணி கூடக் கொட்டாது."

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளும் அளவுக்கு நான் அப்போது மரத்துப் போயிருந்தேன்.

இனி அந்தத் தோட்டத்துக்கு வருகிறேன். நோர்வூட்டுக்கு மேலே இருப்பது. பெயரைச் சொல்ல மாட்டேன். அன்றைக்குப் பயத்தால் சொல்லவில்லை, இன்றைக்குப் பழக்கத்தால்.

பிரஜாவுரிமை கேட்டு விண்ணப்பித்தவர்களை விசாரணைக்கு அழைத்துக்கொண்டிருந்த காலம் அது. இங்கேயே பிறந்தவர்கள், கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகள் என்பதால், தாங்கள் இங்கே இருப்பதை ஓர் அதிகாரியிடம் போய் நிரூபிக்க வேண்டும். அழைப்பு தபாலில் வரும். தோட்டத்தில் தபால் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக் கதவைத் தட்டி யாரும் கடிதம் கொடுப்பதில்லை. எல்லாருடைய கடிதமும் பூட்டிய ஒரே பையில் தோட்ட ஆபீசுக்குப் போகும். கிளாக்கர் பையைத் திறப்பார். ஊரிலிருந்து வரும் கடிதங்களைக் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளைமாரிடம் கொடுத்து அனுப்புவார். அரசாங்க முத்திரையோடு நீளமான காகிதவுறை வந்தால் மட்டும் அது தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் மேசைக்குப் போகும். அவர் பார்த்த பிறகுதான் உரியவருக்கு. எழுதப்பட்ட சட்டம் அல்ல. வழக்கம்.

அந்த வருடம் அந்தத் தோட்டத்துத் துரை ஆறு மாத விடுமுறையில் சீமைக்குப் போனார். கிளாக்கர் எங்களுக்குப் பிரியாவிடைச் செய்தி அனுப்பினார். அரைப் பக்கம், படத்தோடு. அதே வாரம் ஒரு தபாலட்டையும் வந்தது. பென்சில் எழுத்து, ஒரு வரி மேலே ஏறும், அடுத்தது கீழே இறங்கும். எனக்கு இன்றும் மனப்பாடம்.

"பேப்பர் ஐயா அவர்களுக்கு. எங்க தோட்டத்து ஆளுகளுக்கு விசாரணை காயிதம் வந்து ஆபீசுல கெடக்கு. தொரை சீமைக்கு போயிட்டாரு. அவரு வந்து பாத்தாதான் குடுப்பாங்களாம். பக்கத்து தோட்டத்து ஆளுக எல்லாம் விசாரணைக்கு போயிட்டு வந்துட்டாங்க. எங்களுக்கு தேதி என்னைக்குன்னு தெரியல. பேப்பருல போடுங்க. க. பாக்கியம், மூணாம் நம்பர் லயம்."

தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்த, கொழுந்து எடுக்கும் ஒரு பெண், ஒரு தபாலட்டையில் யார், என்ன, எங்கே, ஏன் என்று எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். என் கையில் வந்த மிகச் சிறந்த செய்தி அதுதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? பிரியாவிடையை அச்சுக்குக் கொடுத்தேன். தபாலட்டையை ஒரு கடிதத்தோடு சேர்த்து ஊசி குத்தி, "இச்செய்தியின் உண்மைத்தன்மையை அறியத் தரவும்" என்று எழுதி, அந்தத் தோட்டத்து நிருபருக்கு அனுப்பினேன். அதாவது கிளாக்கருக்கு. அவளுடைய பெயரோடு, லயத்து நம்பரோடு.

கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. உங்களுக்கும் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பத்து நாளில் பதில் வந்தது. "அப்படியான நிலைமை ஏதும் இங்கு இல்லை. மேற்படி பெண் வழக்கமாகவே வாய்நீளம் உடையவள். தாங்கள் அனுப்பிய, சென்ற மாதத் தேதி முத்திரையிட்ட தபாலட்டை எம்மிடம் பத்திரமாக உள்ளது." எவ்வளவு மரியாதையான மனிதர் என்று நினைத்துக்கொண்டு அந்தக் கடிதத்தை இழுப்பறையில் போட்டேன்.

மேலும் இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவள் வந்தாள். வேலை நாளில் தோட்டத்துப் பெண் டவுனுக்கு வரமாட்டாள். அந்தச் சின்ன விஷயம்கூட என் மண்டையில் உறைக்கவில்லை. முப்பது வயது இருக்கும். பின்னறை வாசலில் நின்று என் மேசையில் கிடந்த புத்தகத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்கதான் பேப்பர் ஐயாவா?"

"ஆமா."

"நான் பாக்கியம். காயிதம் போட்டிருந்தேன்."

உட்காரச் சொன்னேன்.

"ஒக்கார வரலீங்க. ஒண்ணு கேட்டுட்டுப் போகணும். நோர்வூட்டுக்கு நடந்து வந்து, தபால் கந்தோர்ல அட்டை வாங்கி, அங்கயே நின்னு எழுதி, அங்கயே பொட்டியில போட்டேன். தோட்டத்துப் பையில போடல. போட்டா வெளிய வராதுன்னு தெரியும். இப்ப அந்த அட்டை கிளாக்கர் மேசையில இருக்கு. எடுத்து எல்லாருக்கும் காட்டுறாரு. அது எப்புடிங்க அங்க போச்சு?"

"நான்தான் அனுப்பினேன்" என்றேன். "உண்மையான்னு கேட்டு."

"யாருகிட்ட?"

"கிளாக்கர்கிட்ட."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். கத்துகிறவர்களைச் சமாதானப்படுத்த எனக்குத் தெரியும்.

"எடுத்து வச்சிருக்கவருகிட்டயே எடுத்தீங்களான்னு கேட்டிருக்கீங்க" என்றாள். "யாரு சொன்னதுன்னு பேரும் குடுத்து."

நான் எதையோ தேடுவதுபோல மேசைக் காகிதங்களைக் கலைத்தேன்.

"பதினெட்டு நாளாச்சு. காலையில பெரட்டுக்குப் போய் நிக்கிறோம். எல்லாரு பேரையும் கூப்புட்டு வேலைக்கு அனுப்புறாங்க. என் பேரையும் எங்க வீட்டுக்காரரு பேரையும் கூப்புடறதில்ல. கேட்டா, பேப்பர்காரன் வேல குடுப்பான், அங்க போங்கன்னு சிரிக்கிறாரு கிளாக்கரு. அதையும் கேட்டுட்டுப் போயிருவோம்னு வந்தேன். குடுக்குறீங்களா?"

மேசையில் கிடந்த புத்தகத்தை மூடி இழுப்பறைக்குள் தள்ளினேன்.

பிறகுதான் அவள் உட்கார்ந்தாள், வாசற்படியில். விஷயம் முழுவதும் அப்போதுதான் வந்தது. அவர்களுடைய முதல் தேதி தாண்டிவிட்டது என்று பக்கத்துத் தோட்டத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வராதவர்களை இன்னொரு முறை அழைப்பார்களாம். அதற்கும் வராவிட்டால் கோப்பை மூடிவிடுவார்களாம்; புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், நான்கு பேருக்கும் சேர்த்து. அந்த இரண்டாவது காகிதமும் அந்த மேசைக்குத்தான் வந்திருக்கும்.

"எங்கம்மா பொறந்தது இந்த லயத்துல. நான் பொறந்தது அதே காம்பராவுல. நீ இந்த ஊரு இல்லைன்னு சொல்லிட்டா எந்த ஊருக்குங்க போறது? வேற ஊரு பேரு கூட எனக்கு சரியா தெரியாது."

மறுநாள் விசாரணை நடக்கும் கட்டடத்துக்குப் போனேன். எங்கள் அச்சகத்திலிருந்து பத்து நிமிட நடை. அந்தப் பத்து நிமிடத்தை நான் அதுவரை நடந்ததில்லை. வராந்தாவில் ஒரு பலகை. அதில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த பெயர்கள், தோட்டம், முதல் தேதி, இரண்டாம் தேதி. தவறிய தேதிகள் மேல் சிவப்புக் கோடு. கருப்பையா என்ற பெயரையும் அடுத்த வரியில் பாக்கியத்தின் பெயரையும் கண்டுபிடித்தேன். முதல் தேதி சிவப்பு. இரண்டாவது, அடுத்த வாரம் வியாழக்கிழமை.

விரலைக் கீழே இறக்கினேன். அதே தோட்டத்துப் பெயர் கீழே கீழே வந்துகொண்டிருந்தது. சிலருக்கு ஒரு சிவப்புக் கோடு. சிலருக்கு இரண்டு. எங்கள் பத்திரிகைக்குப் பத்து நிமிடத் தூரத்தில், எல்லாரும் பார்க்கும்படி, வாரக்கணக்காகத் தொங்கிக்கொண்டிருந்த செய்தி. நான் அரைப் பக்கம் பிரியாவிடை போட்டுக்கொண்டிருந்தேன்.

நோட்டுப் புத்தகத்தை எடுத்து எல்லாத் தோட்டத்துப் பெயர்களையும் எழுத ஆரம்பித்தேன். வாசலில் இருந்த சேவகர் வந்து சிங்களத்தில், என்ன மாத்தயா எழுதுகிறீர்கள் என்று கேட்டார். பெயர்கள் என்றேன். "இத்தனை நாளும் ஒருத்தரும் வந்து எழுதவில்லையே" என்று சொல்லிவிட்டு, ஒளி விழும்படி பலகையைக் கொஞ்சம் திருப்பி வைத்தார்.

தேதியை அவளுக்கு எப்படிச் சொல்வது? கடிதம் போட்டால் பைக்குள் போகும். நேரில் போனால் அத்துமீறல். துரையின் அனுமதி இல்லாமல் வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாது. அவளுக்குச் சொன்னாலும் மற்றவர்களுக்கு? யோசித்தபோதுதான், அந்தப் பூட்டிய பைக்குள் போகாமல் அந்த மக்களை அடையக்கூடிய காகிதம் ஒன்றே ஒன்றுதான் என்பது எனக்கு விளங்கியது. நானா கடையில் அதில் சீனி சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

முன்பக்கம் முழுவதும் பெயர்களாகக் கோக்கச் சொன்னேன். அச்சக முதலாளி ஈரமான முதல் பிரதியைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னறைக்கு வந்தார்.

"என்னய்யா இது, வாக்காளர் இடாப்பா?"

"விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கவங்க பேரு மொதலாளி."

"சின்னத்தொரைக்கு வரவேற்புன்னு ஒரு படம் இருந்துச்சே."

"எடுத்துட்டேன்."

"ஒனக்கு என்ன பைத்தியமா? அவங்க ஆபீசு பாரம், ரசீது எல்லாம் நாமதான் அச்சடிக்கிறோம். நாளைக்கு வேற எடத்துல குடுத்துட்டா நானும் நீயும் கொழுந்தெடுக்கப் போகணும்."

"நமக்கு வேகம் பத்தாது. வேலைக்கு எடுக்க மாட்டாங்க."

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பட்டியலின் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். மெதுவாக. முதல் நிரல் முடிந்து இரண்டாவதற்குப் போனபோதுதான் எனக்குப் புரிந்தது.

"என் பேரு காணோமேய்யா" என்றார்.

அவரும் விண்ணப்பித்திருந்தார். இருபது வருடமாக இந்த ஊரில் அச்சகம் வைத்திருக்கும் மனிதர்.

"உங்களுக்குக் காயிதம் அச்சகத்துக்கே வரும் மொதலாளி. நடுவுல யாரும் வச்சுக்க மாட்டாங்க."

கண்ணாடியைக் கழற்றினார். பிறகு பிரதியை என் மேசையில் வைத்தார். "எழுத்து பொடியா இருக்கு. லயத்துல வெளிச்சம் கெடையாது. பெருசாப் போடு. எடம் பத்தாட்டி ரெண்டாம் பக்கத்துக்கும் போ."

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் நோர்வூட்டுக்குப் போனேன். முன்பு வாசித்தவர்களில் யாரும் அன்று இல்லாததால் நானாவே கடை வாசலில் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று வாசித்தார். தோட்டம், பெயர், தேதி. தோட்டம், பெயர், தேதி. எங்கள் பத்திரிகையின் சரித்திரத்திலேயே இவ்வளவு வறட்சியான முன்பக்கம் வந்ததில்லை. ஒருவரும் நகரவில்லை. சிலர் தங்கள் பெயர் வந்தபோது, பெரட்டில் நிற்கும் பழக்கத்தில், "இருக்கேன்" என்று கையைத் தூக்கினார்கள். பாக்கியம் கையைத் தூக்கவில்லை.

"அந்தத் தேதிய இன்னொரு தரம் வாசிங்க நானா" என்றாள்.

வியாழக்கிழமை விசாரணை அறையில் நானும் பின்வரிசையில் இருந்தேன். தோட்டத்துப் பதிவேடுகளோடு கிளாக்கரும் வந்திருந்தார். அதுவரை நான் அவரை நேரில் கண்டதில்லை. கோட்டுப் போட்ட, மெலிந்த, அமைதியான மனிதர். என்னைப் பார்த்து, பேனா பிடிப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கும் அந்தச் சிரிப்பைச் சிரித்தார். நானும் பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டேன்.

அதிகாரி ஆங்கிலத்தில் கேட்க, மொழிபெயர்ப்பவர் தமிழில் சொன்னார். முதல் தேதிக்கு ஏன் வரவில்லை?

"காயிதம் குடுக்கலீங்க" என்றாள் பாக்கியம். அவள் புருஷன் கருப்பையா தலையை ஆட்டினான்.

எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள், இதற்கு என்ன அத்தாட்சி?

"அப்பவே பேப்பருக்கு எழுதினேன். தேதி குத்துன அட்டை."

அது எங்கே?

அவள் திரும்பி, அறையின் கடைசியில் இருந்த என்னைக் கையால் காட்டினாள். "அவரைக் கேளுங்க."

எழுந்து நின்றேன். அந்த நேரத்தில் என் மண்டை எவ்வளவு வேகமாக வேலை செய்தது என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. தபாலட்டை தவறிவிட்டது என்று சொல்லலாம். அச்சகத்தில் ஈரத்தில் அழிந்துவிட்டது என்று சொல்லலாம். அட்டை வந்தது உண்மை என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். அவளுக்கும் உதவி, எனக்கும் பழுதில்லை. பத்திரிகைக்காரனுக்கு ஆபத்து பொய்யில் வருவதில்லை. இப்படி முக்கால்வாசி உண்மையில்தான் வருகிறது.

"அந்த அட்டை இந்தக் கிளாக்கரிடம் இருக்கிறது" என்றேன். "நான் அனுப்பி வைத்தேன்."

அதிகாரி பேனாவை வைத்தார். "நீங்கள் பத்திரிகை ஆசிரியரா?"

"ஆம்."

"உங்களுக்குச் செய்தி ஒன்று வந்தது. அதை வெளியிடாமல், யாரைப் பற்றி எழுதியிருந்ததோ அவருக்கே அனுப்பினீர்கள்?"

"ஆம்."

"ஏன்?"

"வழக்கம்" என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார். கிளாக்கர் எழுந்து, அப்படி ஓர் அட்டை தனக்கு நினைவில்லை என்று மிக மரியாதையாகச் சொன்னார். இழுப்பறையிலிருந்து கொண்டுவந்திருந்த அவருடைய கடிதத்தை நான் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தபாலட்டை, தேதி முத்திரை, பத்திரமாக உள்ளது, எல்லாம் முத்து முத்தாக இருந்தது. மொழிபெயர்ப்பவர் ஒரு தடங்கலும் இல்லாமல் வாசித்தார்.

அவர்கள் முதல் தேதிக்கு வராததற்கான காரணம் ஏற்றுக்கொள்ளப்பட்டு விசாரணை நடந்தது. அந்த வாரக் கடைசிக்குள் துரையின் மேசையில் கிடந்த உறைகள் எல்லாம் லயத்துக்கு வந்தன. திங்கட்கிழமை பெரட்டில் இருவருடைய பெயரையும் கூப்பிட்டார்கள்.

வராந்தாவில் அவள் என்னிடம் வந்தபோது நன்றியைப் பெற்றுக்கொள்ளும் முகத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"சொல்லிட்டீங்க. நல்லது" என்றாள். "எதுத்த காம்பரா ஆளுக்கு ரெண்டு தேதியும் போயிருச்சு. அவரு அட்டை எழுதலீங்க. எழுதத் தெரியாது. அவருக்கு யாரு வந்து சொல்லுவா?"

அடுத்த இதழின் முன்பக்கத்தில் நடந்ததை எல்லாம் எழுதினேன், "நாங்கள் செய்த தப்பு" என்று தலைப்புப் போட்டு. முதலாளி வாசித்தார். "நாங்கள்ங்கிறத நான்னு மாத்துய்யா" என்றார். மாற்றினேன். அதுதான் சரி.

பாக்கியத்தின் குடும்பத்துக்கு மறு வருடம் பிரஜாவுரிமை கிடைத்தது. எதிர்க் காம்பராக்காரருக்கு இல்லை. அவர் இன்றும் அதே மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறார், தன் பெயர் எதிலும் இல்லாத ஒரு நாட்டுக்காக. அந்தப் பலகையில் இரண்டு சிவப்புக் கோடு விழுந்த மற்றவர்களும் அப்படித்தான். சட்டம் செய்தவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. அதை எழுத ஆட்கள் இருக்கிறார்கள். துரை மேல் உண்டு. தான் ஒரு குற்றம் செய்ததாகவே தெரியாமல் சீமையில் விடுமுறையைக் கழித்தவர். ஆனால் அந்தக் கோடுகளில் சில என்னால் விழுந்தவை. தபாலட்டை வந்த வாரமே நான் பத்து நிமிடம் நடந்திருந்தால் விழுந்திருக்காது. இப்போது மறுபடியும் கடல் கடந்து யார் போவது, இங்கே யார் இருப்பது என்று காகிதங்கள் அலையத் தொடங்கியிருக்கின்றன. அவை எந்தப் பைக்குள் போகும், யார் மேசையில் தங்கும் என்று உங்களில் எத்தனை பேர் பார்த்தீர்கள்? பார்க்கவில்லை. பொறுப்புள்ள ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

அதன்பிறகு அந்தத் தோட்டம் எங்களிடம் ஆபீஸ் படிவங்களை அச்சடிக்கவில்லை. அதைப் பார்த்து இன்னும் மூன்று தோட்டங்கள். கிளாக்கர்மார் ஒருவர் பின் ஒருவராக எழுதுவதை நிறுத்தினார்கள். பெயர்ப் பட்டியலை வாரா வாரம் போட்டோம்; மிச்சப் பக்கங்களை எதைக்கொண்டு நிரப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. முதலாளி மூன்று தரம் பத்திரிகையை மூடுவதாகச் சொன்னார், மூன்று தரமும் அடுத்த வாரம் பார்ப்போம் என்றார். மழைக்காலம் தொடங்கியபோது தபாலட்டைகள் வர ஆரம்பித்தன. பென்சில் எழுத்து, மேலே ஏறியும் கீழே இறங்கியும். ஒரு சொல்கூடத் திருத்தாமல் போட முடியாது. என் புத்தகம் படிக்கும் காலம் முடிந்தது.

அவற்றில் ஒன்று பாக்கியத்துடையது. "புள்ளக் காம்பராவுல கூரை ஒழுகுது. புள்ளைங்கள ஈரத்துல போட்டுட்டு கொழுந்துக்கு போறோம். யாருகிட்டயும் கேக்காதீங்க. வந்து பாருங்க."

பஸ் ஏறி, சந்தியில் இறங்கி, மழையில் மேலே நடந்தேன். தோட்டத்து எல்லையில் காவக்காரர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்.

"எங்க போறீங்க?"

"புள்ளக் காம்பராவுக்கு."

"ஒங்க புள்ள இருக்கா அங்க?"

"இல்ல."

"தொரைகிட்ட கேட்டீங்களா?"

"இல்ல."

அவர் மழையைப் பார்த்தார், என் குடையைப் பார்த்தார். "அப்ப நான் ஒங்கள பாக்கல" என்றார். "கீழ்ப் பாதையால போங்க. மேல் பாதை ஆபீசு ஜன்னலுக்குத் தெரியும்."

பிள்ளைக் காம்பராவில் புடவைத் தொட்டில்களை எல்லாம் ஒரு சுவரோரமாக நெருக்கிக் கட்டியிருந்தார்கள். தவழும் பிள்ளைகள் சாக்கு விரிப்பில் ஒரே மூலையில் இருந்தன. பார்த்துக்கொள்ளும் பெண் இடுப்பில் ஒன்றை வைத்துக்கொண்டு, காலால் ஒரு தகர வாளியைத் தள்ளி வைத்தாள்.

"பேப்பர் ஐயாவா? தள்ளி நில்லுங்க, அந்த எடந்தான் ரொம்ப மோசம்."

நான் தள்ளி நிற்கவில்லை. நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். பக்கத்தின் நடுவில் ஒரு சொட்டு விழுந்தது. அதைச் சுற்றி எழுதினேன்.